டொக்டருக்கு அடுத்ததா, மிஸ்?

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியிலிருந்து பிரிந்து போகும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் அந்த வீடு. எங்கள் சேமிப்புக் குழுவின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கத்தான் போயிருந்தேன். படியேறி மூச்சு வாங்கி உட்கார்ந்தேன். தேநீர் வருமுன்னே ஒரு கடதாசி வந்தது. மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கும் செய்தியைக் கம்பியூட்டர் கடையில் அச்செடுத்து வைத்திருந்தார்கள். களனிப் பல்கலைக்கழகம், ராகமை மருத்துவ பீடம், பேச்சு மற்றும் செவிப்புலன் விஞ்ஞானம்.

"இது டொக்டருக்கு அடுத்ததா, மிஸ்?" என்று தாய் கேட்டார்.

மகள் அறைக் கதவோரமாக நின்றாள். முகத்தில் சந்தோசமும் இல்லை, கவலையும் இல்லை. இரண்டு முறை உயர்தரம் எழுதிக் களைத்துப்போன முகம். தகப்பன் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறவர். அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னும் ஒரு தரம் எழுதலாம்தானே. மூணு தரம் எழுத விடுறாங்கதானே" என்றார்.

வாசகியரே, இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. முடிவுகள் வெளியாகும் காலத்தில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நான் படியேறும் வீடுகளில் பாதியிலாவது இதைக் கேட்கிறார்கள். உயிரியல் பிரிவில் படித்த பிள்ளைக்கு மருத்துவம் கிடைக்கவில்லை. ஏதோ ஒரு நீளமான பெயருடன் வேறொரு படிப்புக் கிடைத்திருக்கிறது. அந்தப் பெயர் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்காத காரணத்தினாலேயே அது தோல்வி என்று முடிவாகிவிடுகிறது.

முதலில் பெயர்களை விளங்கிக்கொள்வோம். பிள்ளைகள் 'அலைட் ஹெல்த்' என்று சொல்வது இணைந்த சுகாதார விஞ்ஞானத்தை. தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம் (பிசியோதெரபி என்றால் எல்லோருக்கும் தெரியும்), எக்ஸ்றே, ஸ்கான் படமெடுக்கும் கதிர்ப்படவியல், புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் கதிர்ச்சிகிச்சை ஆகியவை இதற்குள் வரும். பேராதனையில் இந்த ஆறுமே பட்டப்படிப்புகளாக இருக்கின்றன. யாழ்ப்பாணம், ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு ஆகியவற்றில் தாதியியல், மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானம் மூன்றும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவமும் தாதியியலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியியல். இதே குடும்பத்தைச் சேர்ந்த பேச்சு, செவிப்புலன் படிப்பும் தொழில்வழிச் சிகிச்சையும் ராகமையில் களனிப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கின்றன. எல்லாம் நான்கு ஆண்டு, எல்லாம் ஆங்கில மொழியில். அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் என்பதால் படிப்புக்குக் கட்டணம் இல்லை. 1945இல் வந்த இலவசக் கல்வியின் மிச்சத்தை நாங்கள் இன்னும் அனுபவிக்கிறோம்.

நான்கு ஆண்டு என்பதும் சும்மா வரவில்லை. மூன்றாண்டா நான்காண்டா என்று ஒரு காலத்தில் இழுபறி இருந்தது. பிள்ளைகள் பதாகை பிடித்து வீதிக்கு இறங்கித்தான் அதைப் பெற்றார்கள்.

இனி இசட் புள்ளி. 2001ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையுடன் வந்த இந்த முறையில், பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் முழுத் தீவுக்குமான திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்றும் பிரிக்கப்படுகிறது. கொழும்பு மாவட்டத்தில் மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளி உயரத்தில்தான் நிற்கும். மூன்று பாடத்திலும் நல்ல பெறுபேறு எடுத்தும் நூலிழையில் தவறுகிற பிள்ளைகள் இங்கே ஏராளம். அந்தப் பிள்ளைகளுக்கு மூளை குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கொட்டாஞ்சேனைப் பிள்ளையிடம், "இதை எத்தனையாவது விருப்பமாகப் போட்டாய்?" என்று கேட்டேன். "தெரியாது மிஸ். டியூஷன் சேர் ஒரு ஒழுங்கு எழுதித் தந்தார். எல்லாரும் அதையே பார்த்து நிரப்பினோம்" என்றாள். நான்கு வருடமும் அதற்குப் பின் நாற்பது வருடமும் செய்யப்போகும் வேலையை யாரோ ஒருவர் எழுதித் தந்த துண்டைப் பார்த்து நிரப்பியிருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் தமிழிலும் வருகிறது. எந்தப் பாடத்துக்கு என்ன தகுதி, எங்கே, எத்தனை இடம் எல்லாம் அதில் இருக்கிறது. பதிவுசெய்துவிட்டு மறுபடியும் பரீட்சை எழுதினால் என்ன ஆகும் என்ற விதியும் அதில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவின் காலத்து விதியைக் கேட்டு முடிவு எடுக்காதீர்கள். அந்தந்த ஆண்டுக் கைநூலைத் திறந்து பாருங்கள்.

அந்தத் தாயின் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் நடந்த ஒன்றைத்தான் சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் நாலரை வயதுப் பையன் ஒருவன். பேச்சுச் சரியாக வரவில்லை. 'தானா வரும், தகப்பனும் லேட்டாத்தான் பேசினார்' என்று வீட்டில் காத்திருந்தார்கள். பாலர் பாடசாலையில் சேர்க்க மறுத்த பிறகுதான் என்னிடம் வந்தார்கள். அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் பேச்சுச் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். சிகிச்சை தருகிறவர் ஒரு சிங்களப் பிள்ளை, இருபத்தைந்து வயது இருக்கும், நல்ல பொறுமைசாலி. அவருக்குத் தமிழ் தெரியாது. தாய்க்குக் கடையில் சாமான் வாங்குகிற அளவுச் சிங்களம்தான். ஆகவே நான் மொழிபெயர்த்தேன்.

அவர் படங்களைக் காட்டினார். பையன் பூனையைப் பார்த்து 'தூனை' என்றான். நான் சிங்களத்தில், "பூனை என்று சொல்கிறான்" என்றேன். வாசலைக் காட்டி "அம்மா வந்தான்" என்றான். நான் "அம்மா ஆவா" என்று சொன்னேன். அரை மணித்தியாலம் இப்படியே போயிற்று. நான் நன்றாக மொழிபெயர்க்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அந்தப் பிள்ளை பேனையைக் கீழே வைத்துவிட்டு, "மிஸ், நீங்கள் சொல்லும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. இவன் சொன்னதும் சரியாகத்தான் இருந்ததா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அவனுடைய பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தித் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நான் கொண்டுபோனது அர்த்தத்தை. அவனுக்குக் கோளாறு இருந்தது ஒலியிலும் வாக்கியத்திலும். 'தூனை' அவர் காதிலும் விழுந்தது. ஆனால் தமிழில் அது எப்படி இருக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியாது. 'அம்மா வந்தான்' என்பதைப் பேச்சுச் சிங்களத்துக்கு மாற்றினால் பிழையே மறைந்துவிடும். அம்மாவுக்கும் 'ஆவா', அப்பாவுக்கும் 'ஆவா'. வந்தாள், வந்தான், வந்தது என்ற வேறுபாடு அந்தப் பேச்சில் கிடையாது.

வயிற்று வலிக்கு மொழிபெயர்ப்பாளர் போதும். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக என்று கேட்டுச் சொல்லலாம். பேச்சுக்கு அது போதாது. அங்கே மொழிதான் நோயாளி. ப, ம போன்ற உதட்டு ஒலிகள் பிள்ளைக்கு முன்கூட்டியே வரும், ர, ள, ழ பிந்தும், எந்த வயதில் எது வராவிட்டால் கவலைப்படவேண்டும் என்பதைத் தமிழ் பேசி வளர்ந்த ஒருவர் படித்துவிட்டு வந்து சொல்லவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கொழும்பில் வீட்டில் தமிழ், ஒழுங்கையில் சிங்களம், பாலர் பாடசாலையில் ஆங்கிலம். பிள்ளை பேசப் பிந்தினால், "தமிழை விட்டுவிடுங்கள், ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பையனின் தாயும் மூன்று மாதம் பிள்ளையோடு 'கம், கோ, ஈட்' என்று மட்டும் பேசியிருக்கிறார். பாவம், தனக்குத் தெரியாத மொழியில் தாலாட்டவா முடியும்? இரண்டு மூன்று மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. தாய்க்கு நன்றாக வருகிற மொழியில் நிறையப் பேசுவதுதான் பிள்ளைக்கு நல்லது. இதையும் தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் அந்த மூன்று மாதம் மிஞ்சியிருக்கும்.

பேச்சுச் சிகிச்சையாளர் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல. பக்கவாதம் வந்து சொல் மறந்துபோன முதியவர்களுக்கும் அவர்தான். விழுங்க முடியாமல் புரையேறுகிறவருக்கு எந்தப் பதத்தில், எப்படி உட்காரவைத்து உணவு கொடுப்பது என்று பார்த்துச் சொல்பவரும் அவர்தான். வெள்ளவத்தை மாடிவீடுகளில் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, தனியே பக்கவாதத்தோடு கிடக்கும் அம்மாமாரை நான் பார்க்கிறேன். ஆறு மாதமாக ஒரு சொல் இல்லாமல் கிடந்த ஆசிரியை ஒருவர் இருந்தார். அவருக்குத் தெரிந்தது தமிழும் ஆங்கிலமும். சிங்களத்தில் அவரைப் பேசவைக்க முடியுமா?

ராகமையில் இந்தப் பட்டப்படிப்பு 2008இல் தொடங்கியது. அதற்கு முன் அது டிப்ளோமாவாக இருந்தது. ஆனாலும் தமிழ் பேசுகிற சிகிச்சையாளர்கள் இன்னும் மிகக் குறைவு. தேடி அலைந்தவர்களுக்கு அது தெரியும்.

இவ்வளவும் சொன்ன பிறகு தாய், "அப்ப இது நல்ல வேலைதான்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா டொக்டர் இல்ல" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் சமூகவியல் படிக்கப் போனபோது எங்கள் வீட்டிலும், "அதைப் படிச்சு என்ன செய்யிறது?" என்றுதான் கேட்டார்கள். எங்களவர்களுக்குப் படிப்பு என்பது அறிவு மட்டுமல்ல, வீட்டுக்கு ஒரு பெயர்ப்பலகை. பெண்பிள்ளையாக இருந்தால் அது கலியாணப் பேச்சிலும் வரும். 'பொம்பிளை டொக்டர்' என்றால் சீதனத்தில் ஒரு பகுதி குறையும். 'தாதி' என்றால், இரவு வேலை, ஆண் நோயாளிகளைத் தொடுவது என்று ஏதேதோ பேச்சு எழும். நோய் வந்தால் முதலில் கூப்பிடுவது தாதியைத்தான். மகளைத் தாதியாக்கச் சொன்னால் முகம் சுளிப்பதும் நாங்கள்தான்.

2020 ஒக்டோபரில் கொட்டாஞ்சேனை முடக்கப்பட்டபோது கதவைப் பூட்டிக்கொண்டு பி.சி.ஆர். முடிவுக்குக் காத்திருந்தோம் அல்லவா? அந்த மாதிரிகளை இரவு பகலாகப் பரிசோதித்தவர்கள் ஆய்வுகூடத்தில் இருந்தவர்கள். அவர்களின் முகம்கூட எங்களுக்குத் தெரியாது. 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்கில் பாப் பரிசோதனைக்காகத் தடவி எடுக்கும் கண்ணாடித் தகட்டை நுணுக்குக்காட்டியில் வைத்து, மாறிப்போன கலம் இருக்கிறதா என்று முதலில் தேடுகிறவரும் அப்படி ஒருவர்தான். (வாசகியரே, 35 வயதாகியும் இன்னும் போகாதவர்கள் போய்வாருங்கள். 1996இலிருந்து இந்தக் கிளினிக் நடக்கிறது, காசும் இல்லை.)

வெள்ளவத்தைக் கதை வேறு. ஹம்டன் ஒழுங்கைப் பக்கம் ஒரு குடும்பம். 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, கடைசியில் கொழும்பில் வாடகை வீட்டில் ஊன்றியவர்கள். மகள் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். அவளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் கிடைத்திருக்கிறது. தாய் அழுகிறார். "நாங்கள் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு விட்டிட்டு வந்த ஊருக்கு இவளைத் தனிய எப்பிடி அனுப்புறது?" என்கிறார். மகள், "அம்மா, நீங்கள்தானே ஒவ்வொரு நாளும் ஊர், ஊர் எண்டு சொல்லுறனீங்கள்" என்கிறாள். நான் இருவருக்கும் நடுவில் இருந்து தேநீர் குடித்தேன். வேறென்ன செய்வது? தாயின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மகளின் பதிலிலும் நியாயம் இருக்கிறது. தாய் கடைசியில் சம்மதித்தது ஒரே நிபந்தனையில்: முதல் மாதம் தானும் கூடப்போய்த் தமக்கை வீட்டில் தங்குவது. போகிறார்.

பகிடிவதையைப் பற்றியும் எல்லாத் தாய்மாரும் கேட்கிறார்கள். 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். சட்டம் இருந்தும் நடக்கிறது என்பதும் உண்மை. பிள்ளை வீட்டுக்கு எடுக்கும் அழைப்பில் குரல் மாறினால் கவனியுங்கள். 'எல்லாருக்கும் நடக்கிறதுதானே' என்று தட்டிவிடாதீர்கள்.

இனிக் காசு போகிற கதை. அரசாங்கப் பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளைக் காலி வீதியோர விளம்பரங்கள் கூப்பிடுகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு தாய், தாலிக்கொடியைத் தவிர மற்ற நகைகளை எல்லாம் அடகு வைத்து மகளை ஓரிடத்தில் சேர்த்தார். படிப்பின் பெயரில் 'மெடிக்கல்' என்று இருந்தது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் முத்திரையும் இருந்தது. படித்து முடித்து ஆய்வுகூட வேலைக்குப் பதியப் போனபோதுதான், அந்தப் பட்டம் அந்தப் பதிவுக்குச் செல்லாது என்று தெரியவந்தது. படிப்பு பொய்யில்லை, பிள்ளை நன்றாகத்தான் படித்தாள். ஆனால் அது வேறு படிப்பு. மருந்தாளர், இயன்மருத்துவர், ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் போன்றோர் இங்கே தொழில் செய்ய இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். தாதியருக்கென்று தனியே பேரவை உண்டு. ஆகவே சேருமுன், 'இந்தப் பட்டத்துக்குப் பதிவு கிடைக்குமா' என்று நிறுவனத்திடம் கேட்காதீர்கள், பதிவு தருகிற சபையிடமே கேளுங்கள். வாயால் சொன்னதை நம்பாமல் எழுத்தில் கேளுங்கள். விற்கிறவர் தன் மாம்பழம் புளிக்கும் என்று சொல்வாரா?

கட்டணம் செலுத்திப் படிக்கக்கூடியவர்களுக்குக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் பாடங்கள் இருக்கின்றன. எங்கள் வீடுகளில் அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு தயக்கம் வருவது எனக்குத் தெரியும், அது அவரவர் முடிவு. சுகாதார அமைச்சின் பயிற்சிப் பாடசாலைகளும் உண்டு. வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள், பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் தருவார்கள். தகப்பன் இல்லாத வீடுகளில் அந்தக் கொடுப்பனவு பெரிய காரியம். ஏற்கெனவே தாதியாக வேலை செய்கிறவர்கள் நாவலையில் திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் படிக்கலாம். இரவு வேலை முடிந்து வந்து, பிள்ளைக்குச் சோறு கொடுத்துவிட்டு, பாடப் புத்தகத்தைத் திறக்கிற ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையே எழுதலாம்.

கஷ்டங்களை மறைத்து எழுதுவது சரியல்ல. தமிழில் உயர்தரம் படித்த பிள்ளை முதல் வருடத்தில் உடற்கூற்றியலை ஆங்கிலத்தில் கேட்டு அழுவாள். பட்டம் கையில் வந்ததும் நியமனம் வரும் என்றும் இல்லை, காத்திருந்தவர்கள் பலர். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சுகாதாரத் துறையிலிருந்து நிறையப் பேர் வெளிநாடு போய்விட்டார்கள். இருப்பவர்களின் தலையில் இரட்டை வேலை. 'வெளிநாடு போகலாம்' என்பதையே சில பெற்றோர் இந்தப் படிப்பின் சிறப்பாகச் சொல்கிறார்கள். போகிற பிள்ளையைத் தடுக்க நான் யார்? ஆனால் அந்த நாலரை வயதுப் பையனை நினைத்தால் மனம் கேட்பதில்லை.

கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு ஒரு பலம் இருக்கிறது. அவளுக்கே அது தெரியாது. அந்த ஒழுங்கையில் விளையாடி வளர்ந்தவள். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. பரீட்சைக்குப் படித்த சிங்களம் இல்லை, சண்டை பிடித்துக் கற்ற சிங்களம். கிளினிக்கில் வருகிற சிங்களத் தாயோடும் தமிழ்த் தாயோடும் முஸ்லிம் தாயோடும் அவளால் பேச முடியும். அதைச் சொன்னபோதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு கேட்டாள், "மிஸ், அந்தப் பையன் இப்ப பேசுறானா?"

பேசுகிறான். சிங்களப் பிள்ளையே தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில் கொப்பியில் எழுதிவைத்துக்கொண்டு, என்னைப் பக்கத்தில் இருத்தி, "இப்போது திருத்தாமல் அப்படியே சொல்லுங்கள்" என்று கேட்டுக் கேட்டு வேலை செய்தார். ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. தமிழ் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் எவ்வளவு எடுத்திருக்கும் என்று அவரே என்னிடம் கேட்டார். இப்போது பாடசாலையில் படிக்கிறான். 'ழ' மட்டும் இன்னும் வரவில்லை. அது கொழும்பில் யாருக்குத்தான் வருகிறது!

தகப்பன் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. மூன்றாம் தடவை எழுதினால் டொக்டர் நிச்சயம் என்று ஒரு டியூஷன் சேர் அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாராம். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் சொல்லாமல் மகளைக் கூட்டிக்கொண்டு மருதானையில் ரெயில் ஏறி ராகமைக்குப் போய், மருத்துவ பீடத்தின் கேற்றை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வந்து, "ரெயில்ல சரியான சனம்" என்று மட்டும் சொன்னாராம். பதிவுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. வியாழக்கிழமை நான் மறுபடியும் அந்த மூன்று மாடி ஏறவேண்டும்.